எல்லாம் வழியில்தான்

விருந்தாளிக்கு ஊரை நடத்தியே காட்டுகிறவர் என்றொரு இனம் உண்டு. பாங்காக்கில் இவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். மே மாத வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, நாற்பதடி முன்னால் கையை நீட்டிக்கொண்டு ஒருவர் நடப்பார்; பின்னால் இரண்டு மூன்று பேர், ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்களைப் போல வருவார்கள். முன்னால் போகிறவர்தான் நான் சொல்லும் ஆள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தவீசக் அதில் உயர்ந்த ரகம். அவர் வீட்டு மாடியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த வருடம் அவர் மனைவி மாலிவனின் அக்கா புவாலாய், வடகிழக்கில் ரோயெட் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக நகரத்துக்கு வந்தார். வயது அறுபத்திரண்டு. புருஷனுக்கு இதய அறுவை நல்லபடியாக முடிந்தால், சயனத்தில் இருக்கும் பெரிய புத்தரின் காலடியில் தன் கையால் மாலை வைப்பதாக வேண்டுதல். அவர் பிழைத்துவிட்டார். அம்மாள் வந்துவிட்டார். இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பஸ். வேறு எதையும் பார்க்க அவர் கேட்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, என்னையும் சேர்த்து நாலு பேராகப் போய், பூச்சந்தையில் மல்லிகை மாலை வாங்கினோம். அங்கிருந்து கோயில் கால் மணி நேர நடை. எந்தக் குழந்தையும் சொல்லும். தவீசக் நேர் எதிர்த் திசையில் திரும்பினார்.

"கோயில் எங்க ஓடிடப் போகுது? சாயங்காலம் போனா கூட்டம் இருக்காது. அதுக்குள்ள நாலு இடம் பாத்துடலாம். எல்லாம் வழியில்தான்."

வழியில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ராட்சத ஊஞ்சல் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் படி ஏறிப் பார்க்க வேண்டிய பொன்மலை இருந்தது. அவர் நாற்பது வருடமாகச் சாப்பிடுகிற வாத்து நூடுல்ஸ் கடை இருக்க வேண்டிய இடத்தில் கைபேசிக் கடை இருந்தது. அதன் வாசலில் நின்றபடியே அந்த வாத்தின் ருசியை விளக்கினார். அதுதான் எங்கள் மதியச் சாப்பாடு. தூண்கள் வைத்த பெரிய கட்டடம் ஒன்றைக் காட்டி, எந்த அரசர் எந்த வருடம் கட்டினார் என்று ஆண்டு, மாதம் எல்லாம் சொன்னார். அதன் வாசல் காவலாளி சங்கடத்தோடு நெளிந்தார்.

"பன்னெண்டு வருஷந்தாங்க ஆகுது. உள்ள கார் நிறுத்துறாங்க."

தவீசக் அவரை மன்னித்துவிட்டு நடந்தார்.

புவாலாய் மாலைப் பையை நிழல் பக்கமாக மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைப் பூவுக்குத் தெளித்துக்கொண்டே வந்தார். டாக்சி பிடிக்கலாமே என்று மாலிவன் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். நெரிசலில் மாட்டினால் டாக்சி நகராது, நடை ஒன்றுதான் நம்பகம் என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

மணி ஐந்தைத் தாண்டியபோது சீனக் கடைத்தெருவின் சந்துகளுக்குள் இருந்தோம். குறுக்கு வழியாம். ஒரே பொத்தான் கடையை மூன்றாம் முறை கடந்தோம். யாரையாவது கேட்கலாம் என்றேன். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறவன் வழி கேட்பதா என்று முகம் சிவந்தார்.

பப்பாளிச் சாலட் இடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் புவாலாய் நின்றுவிட்டார். தன் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

"ஏம்மா, பெரிய புத்தர் கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

உலக்கை நின்றது. அவளும் ரோயெட்காரி. "இங்க எதுக்குக்கா வந்தீங்க? கோயில் அந்தப் பக்கம்ல இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல கதவ சாத்திடுவாங்க."

அவளே வாடகை பைக் ஓட்டுகிறவர்கள் மூவரைக் கூப்பிட்டாள். புவாலாய் ஏறி உட்கார்ந்து, தங்கை கணவரைப் பார்த்தார். அன்று முழுவதும் அவரிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"தம்பி, நீங்க ஊரு காட்டினீங்க, சந்தோஷம். ஆனா நான் ஊரு பாக்க வரல."

தவீசக் எங்களைப் போகச் சொன்னார். அவர் நடந்தே வந்துவிடுவாராம்.

கடைசி ஆட்களாக உள்ளே போனோம். மாலை ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. புவாலாய் அதைக் காலடியில் வைத்துவிட்டு, தரையில் நெற்றி படிய வணங்கியவர், வெகுநேரம் எழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மாலிவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கதவு சாத்த வந்தவர் காத்திருந்தார்.

வெளியே வந்தபோது நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார் தவீசக். எங்கள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புவாலாய் அவரைப் படியில் உட்காரவைத்து, மிச்சத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். அவர் குடித்தார். தலை குனிந்தே இருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். தண்ணீர் உள்ளே இறங்கியதும் நிமிர்ந்தார்.

"பஸ் நிலையத்துக்கு ஆத்தங்கரையோரமா ஒரு நல்ல பாதை இருக்கு..."

அதற்குள் அக்காவும் தங்கையும் டாக்சியில் ஏறிவிட்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஊரைப் பார்க்க வந்தவர்களை நீங்களும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள், எல்லாவற்றையும் காட்டியும் இருப்பீர்கள். அவர்கள் வாயாரப் புகழ்ந்துவிட்டுத்தான் போனார்கள், சந்தேகமில்லை. மறுபடி எப்போது வந்தார்கள்?