மத்திகிரியில் ஒரு கழிப்பறை ஆய்வு

மனிதர்களில் உரிமை ஆய்வாளர் என்றொரு வகை உண்டு. ஓசூர்ப் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் இவரைத் தாராளமாகப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஜோல்னாப்பை, கையில் கேள்வித்தாள், ஊருக்கே சேர்த்துக் கவலைப்படுகிற முகம். டீ குடிக்கப் போனால்கூட, இந்தத் தேயிலையைப் பறித்த பெண்களுக்குப் பேறுகால விடுப்பு உண்டா என்று கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரரோ தானே தப்பு செய்துவிட்டதுபோல விழிப்பார். நல்ல மனிதர்தான். தொல்லையே அதுதான்.

டெல்வினை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் தொழிலாளர்களின் கழிப்பறை இடைவேளை மனித உரிமை என்பது இவருடைய ஆராய்ச்சி. அதைச் சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். போன வாரம் மத்திகிரியில் வரிசை வீடுகளின் முன்னால் நின்றிருந்தார். செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் ஷிப்ட் முடித்த மேகலா, பஸ்ஸை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல், எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கோடியில் இருக்கும் கழிப்பறையை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். டெல்வின் குறுக்கே போய் நின்றார்.

“ஒரே ஒரு கேள்விங்க.”

“போய்ட்டு வந்து சொல்றனே சார்.”

“இதோ முடிஞ்சிரும்.”

முடியுமா? கம்பெனியில் கழிப்பறைக்குப் போக டோக்கன் உண்டா, டோக்கனை யார் வைத்திருக்கிறார், கேட்டால் முகம் சுளிப்பாரா, சுளித்தால் மிகவும் சுளிப்பாரா, ஓரளவு சுளிப்பாரா? மேகலா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ‘பதில் சொல்பவரிடம் மன உளைச்சல் தெரிகிறது’ என்று டெல்வின் உருக்கமாக எழுதிக்கொண்டார். அதற்குள் பக்கத்து வீட்டு சாந்தம்மா வாளியோடு உள்ளே போய்த் தாழ் போட்டுவிட்டார். மேகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“கடைசிக் கேள்விங்க. அவசரத்துக்குப் போக யார்கிட்டயாச்சும் அனுமதி கேக்க வேண்டியிருக்குதா?”

“ஆமா சார்.”

“யார்கிட்ட?”

“இவ்ளோ நேரமா உங்ககிட்டதான் கேட்டுக்கினு நிக்கிறேன்.”

டெல்வினுக்கு முகம் வெளிறியது. ஆனாலும் அதை ‘மற்றவை’ என்ற கட்டத்தில் எழுதி முடித்த பிறகுதான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

“சாந்தம்மா, சீக்கிரம் வாங்க. மனித உரிமைங்க.”

உள்ளே செல்போனில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்வல்ப இருப்பா,” என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் சாந்தம்மா.

யாருடைய உரிமைக்கும் நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை என்கிறீர்களா? சந்தோஷம். அது சரி, இதை எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வெளியே ரொம்ப நேரமாக யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.