எட்டுக் குதிரை போதும்

பேரன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். உங்கள் வீட்டில் இடுப்பு உட்பட எல்லாம் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.

நிற்க. என்னைப் பற்றி உங்கள் காதுக்கு வந்த செய்தியில் பாதிதான் உண்மை. மோட்டார் கடையில் குனிந்தவன் நிமிரவில்லை என்பது உண்மை. விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரர் காலில் விழுந்தேன் என்பது சுத்தப் பொய். அதைக் கிளப்பிவிட்டவன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். அவன் படகு கிளம்பும் சத்தத்தில் தெருவே எழுந்துவிடுவதால் அவனுக்கு அலாரம் என்று பெயர். படகு கட்டிக் கிடக்கிற நேரத்தில் அந்த வேலையை அவன் வாய் பார்த்துக்கொள்ளும்.

நம் பழைய மோட்டார் கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் வலையை ஏற்றிவிட்டுத் திரும்பலாம் என்று ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன், கயிறு முழுசாகக் கையோடு வந்துவிட்டது, வந்த வேகத்தில் நான் ஐஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன், மீனெல்லாம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது போல இருந்தது, கூட வந்த என் மகள் சின்னவள் என்னை இழுத்து வெளியே எடுப்பதற்குள் அலாரம் வந்து சேர்ந்துவிட்டான். அவன்தான் எங்களைக் கட்டி இழுத்து வந்தான். வழியெல்லாம் திரும்பித் திரும்பி, "அண்ணே, ஜில்லுன்னு இருக்கா?" என்று விசாரித்தபடியே வந்தான்.

அன்று மாலையே நீங்கள் போன் செய்து, "மாப்ளே, மோட்டாரே ரிட்டயர் ஆயிடுச்சு, உங்களுக்கு என்ன? படகைக் குடுத்துட்டு வந்துடுங்க. நம்ம ஹார்டுவேர் கடையில ஃபேனுக்கு நேர் கீழ ஒரு சேர் போட்டுடுறேன்" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். மிச்ச வாழ்க்கையை ஆணி எடை போட்டுக் கழிக்க என்னால் ஆகாது. படகை விட்டு இறங்க எனக்கு மனசில்லை. அதனால்தான், இருப்பதிலேயே பெரிய மோட்டாராக வாங்கிப் படகில் மாட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் துறையில் மோட்டாரைப் படகோடு விட்டுவிட்டு வந்தால் விடிந்ததும் படகு மட்டும்தான் இருக்கும். ஆகவே தினமும் அதைக் கழற்றித் தோளில் வைத்துத் தெரு வழியே தூக்கிவந்து, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தவேண்டும். சின்னவள் என்னோடு தொழிலுக்கு வர ஆரம்பித்த பிறகு வலை இழுப்பது, படகு ஓட்டுவது, மீன் விலை பேசுவது எல்லாமே அவள் கைக்குப் போய்விட்டது. மோட்டார் தூக்குவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் தெருவில் என்னை இன்னும் படகுக்காரன் என்கிறார்கள்.

அப்படிப்பட்டவன் கடையில் இருபத்தைந்து குதிரைசக்தி மோட்டாரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? கடைக்காரர், "ஐயா, அது வெயிட்டு ஜாஸ்தி, இருங்க, ஆள் கூப்பிடுறேன்" என்றார். "நான் என்ன பொம்மையா? நானும் ஆள்தான்" என்று சொல்லி ஸ்டாண்டிலிருந்து அதைத் தூக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டாரில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். என்னில்தான். எப்படியோ அதைத் தரையில் வைத்துவிட்டேன், ஆனால் நான் மேலே வரவில்லை. முகத்துக்கு நேராக, தண்ணீரைத் தள்ளும் மோட்டார் விசிறி இருந்ததால் அதை ஆராய ஆரம்பித்தேன்.

"என்னய்யா பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"விசிறியைத்தான்."

"புதுசுய்யா அது. ஒரு கீறல்கூட இருக்காது."

"அதான் இருக்கான்னு பாக்குறேன்."

இவ்வளவு நேரம் பார்க்கிறானே, விவரமான ஆளாக இருப்பான் போலிருக்கிறது என்று அவரும் குனிந்தார். இன்னொரு வாடிக்கையாளர் வந்தார், என்ன ஏது என்று கேட்காமல் அவரும் குனிந்தார். மூன்று பேரும் காணாமல் போன மூக்குத்தியைத் தேடுகிறவர்கள் மாதிரி இருந்தோம். ரோட்டில் போன அலாரம் எட்டிப் பார்த்தது இந்த நேரத்தில்தான்.

அதுவரை கேட்லாக் புரட்டிக்கொண்டிருந்த சின்னவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவளும் விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சத்தமாக, "அப்பா பாத்துட்டாரு. இது வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"எங்க படகு பழசு அண்ணே. மோட்டார் மாட்டுற பின்பலகை இந்தக் கனத்தைத் தாங்காது. அதைத்தான் அப்பா கணக்குப் போட்டுட்டு இருக்காரு. இல்லப்பா?"

"ஆமாம்மா, தாங்காது" என்றேன், விசிறியிடம்.

அதோடு விட்டாளா? என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கீழ்த்தட்டுல இருக்கிற ஆயில் டப்பாவைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். "நடுத்தட்டுல பிளக்கு." பார்த்தேன். "மேல்தட்டுல பெல்ட்டு." இப்படித் தட்டுத் தட்டாக ஏற்றி, கூரையில் சுற்றிய ஃபேன் வரைக்கும் காட்டி என்னை முழு மனிதனாக நிமிர்த்திவிட்டாள். பிறகு அவளும் கடைக்காரரும் பெரிய மோட்டாரைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்கள். அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. "எட்டுக் குதிரை போதும்ப்பா. மிச்சக் குதிரைக்கெல்லாம் யாரு பெட்ரோல் ஊத்துறது?" என்றாள். தண்ணீருக்குள் இறங்கும் மோட்டார் காலின் நீளம் நம் படகுக்குப் பொருந்துமா, உதிரி பாகம் எங்கே கிடைக்கும், உப்புத் தண்ணீரில் எது முதலில் அரிக்கும் என்று அவள் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் கர்சீப் எடுத்து நெற்றியைத் துடைத்தார். இப்படி ஒரு பிள்ளை எனக்குத்தான் பிறந்தது மச்சான். உங்கள் தங்கைக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இடுப்பு இளகியதும் அந்த எட்டுக் குதிரை மோட்டாரோடு முதல் நாள் கிளம்பினோம். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, நானும் ஐஸ் பெட்டிக்குள் போகவில்லை. அலாரம் கரையில் நின்று, "என்னண்ணே, தையல் மிஷினா வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கத்தினான். சின்னவள் திரும்பி, "ஆமா மாமா, உங்க படகு கிழிச்ச காதையெல்லாம் தைக்கணும்ல?" என்றாள். துறையே சிரித்தது. அலாரமும் சிரித்தான், வேறு வழி? அலை ஏறும் இடத்தில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போன அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சாயங்காலம் நானேதான் மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தேன். வழியில் நின்று இரண்டு பேரிடம் பேசவும் செய்தேன், தேவையே இல்லாமல்.

ஆகவே, பலகையின் பலத்தைக் கணக்கிட்டு, நானே யோசித்து, சின்ன மோட்டார் வாங்கினேன் என்பதையும், இதில் என் இடுப்புக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் அறியவும். ஃபேனுக்குக் கீழே அந்த இடத்தில் பெயிண்ட் டப்பா எதையாவது அடுக்கிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நேரான முதுகோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் படகில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடவும். படகு பழசுதான், ஆனால் பின்பலகை புதுசு. போன மழைக்கு முன்னால் நானும் சின்னவளும் சேர்ந்து மாற்றினோம். போல்ட் அத்தனையும் முடுக்கியது அவள். அந்தப் பலகையில் யானையைக் கொண்டுவந்து கட்டினாலும் அசையாது, அது அவளுக்கும் தெரியும். கடையில் அவள் கேட்டபோது, "ஆமாம்மா, தாங்காது" என்று மட்டும்தான் சொன்னேன். "எது தாங்காது என்று எனக்குத் தெரியும் தாயே" என்பதைச் சொல்லவில்லை.