பனியன் கம்பெனிக்கு வந்த பவர் டில்லர்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் பவர் டில்லரில் வந்து இறங்கிய ஒரே ஆள் எங்கள் டில்லரக்காதான். உலகத்திலேயே ஒரே ஆள் என்றும் சொல்வேன். யாரும் மறுத்து எழுதப்போவதில்லை.

ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் கணக்குப் பார்த்த கம்பெனியில் அவர் பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். பக்கத்து ஊரில் கொஞ்சம் காடு, அதாவது விளைநிலம், இருந்தது. பெண் விவசாயிகள் உழவு மெஷின் வாங்கினால் அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, கையிலிருந்த பணம் போதாமல் நகையையும் அடகு வைத்து வாங்கிவிட்டார். ஆனால் மானியம் உடனே வராது. ஆபீசர் நேரில் வந்து, மெஷினைக் காட்டில் நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் பேங்கில் ஏறும். அதற்குள் மெஷின் களவு போனால் எல்லாம் போச்சு.

ஆகவே அதைத் தனியாக விட்டுவர அவருக்கு மனசில்லை. பின்னால் டிரெய்லரை மாட்டி, தலையில் ஹெல்மெட்டையும் மாட்டி, தினமும் கம்பெனிக்கே ஓட்டிவந்தார்.

முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். தென்காசிக்காரர். "யக்கா, டூ வீலர் அந்தப் பக்கம், ஃபோர் வீலர் இந்தப் பக்கம். இது எதுல சேத்தி?"

"முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் வெகுநேரம் யோசித்து, முதலாளியின் காருக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். மேனேஜர் ஓடிவந்தார். "ஃபாரின் பையர் வர்ற எடம்மா இது."

"பையர் கேட்டா, பருத்தி நம்ம காட்டுலயே வெளையுதுன்னு சொல்லுங்க. ஆர்டர் சேத்திக் குடுப்பாங்க."

மேனேஜர் முதலாளியின் காரை ஓரடி தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு நாள் ஷிப்மென்ட் நெருக்கடியில் அக்காவின் போன் அடித்தது. ஆபீசர் காட்டுக்கே வந்து நின்றிருந்தார்.

"மெஷின் எங்கம்மா?"

"கம்பெனியிலீங்க."

"கம்பெனியில என்ன உழவு?"

"உழவு இல்லீங்க. ஓவர்லாக்."

இப்போது போனால் மறுபடி எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்றார் ஆபீசர். அக்கா தையலை நிறுத்தி எழுந்துவிட்டார். மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். "போய்ட்டு வாங்க" என்றார்.

டில்லர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும். போனைப் பிடித்து ஆபீசரைச் சமாதானப்படுத்த ஒரு ஆள் வேண்டும். டிரெய்லரில் என்னை ஏற்றினார்கள்.

"சார், வந்துட்டே இருக்கோம்."

"எங்க?"

"கம்பெனி கேட்டுல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். கேட் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆடு பிடித்துக்கொண்டு நடந்துபோன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

பொறுமை போன ஆபீசர் பைக்கை எடுத்துக்கொண்டு எதிரே வந்துவிட்டார். எங்கள் வேகத்தைக் கண்ணால் பார்த்ததும் வண்டியைத் திருப்பி, முதல் கியரிலேயே எங்கள் பின்னால் ஊர்ந்தார். வழியில் டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ பெரிய மனுஷி போவதாக நினைத்திருக்க வேண்டும்.

காட்டில் அக்கா ஒரு சுற்று உழுது காட்டினார். தலையெல்லாம் நூல் பிசிறு, கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. "கார்டைக் கழட்டுங்கம்மா, விவசாயி மாதிரி நில்லுங்க" என்றார் ஆபீசர்.

"இப்படித்தானுங்க இருக்கறோம், விவசாயிங்க" என்றார் அக்கா. ஆபீசர் அப்படியே படம் எடுத்துக்கொண்டார்.

மானியம் வந்தது. நகையை மீட்டார், மீதியில் தகரக் கொட்டகை போட்டு மெஷினைப் பூட்டினார். மறுநாள் கம்பெனி வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத்தான் கண்ணு நிம்மதி" என்றார்.

எனக்கு என்னவோ, அன்றைக்கு வேன் தேவையில்லாமல் வேகமாகப் போவதாகத் தோன்றியது.