வெல்வெட் அழைப்பிதழ்ப் படலம்

வாழி, லிஃப்ட் மெக்கானிக்கே! பதினான்கு மாடிகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்றுபோன இரும்புக் கூண்டுகளை இரு கரங்களால் மீட்ட திண்தோள் வீரனே, கிரீஸ் மணக்கும் மார்பனே, பதினொரு வாரத்தில் மாப்பிள்ளையாகப் போகிறவனே, நின் புகழ் பாடப் புகுகிறோம். நாவே, நடுவில் காலை வாரிவிடாதே.

அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவளோ, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையை ஆள்பவள்; வலியால் துடிப்போரையும் ஒரு பார்வையால் வரிசையில் உட்காரவைக்கும் கயல்விழியாள். இருவரும் முந்தின சனிக்கிழமை நூலக மாடியில், கல்யாணம் நிச்சயமானவர்களுக்காக நடந்த இலவசப் பண வகுப்பில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரம்பு, வரம்பைத் தாண்டுமுன் ஓர் இரவுத் தூக்கம் என்னும் உபதேசம் பெற்று, அழைப்பிதழுக்கு இவ்வளவுதான் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுச் சபதம் பூண்டனர். ஏனெனில் வெயில் விழும் ஜன்னலுள்ள இரண்டு அறை வாடகை வீடொன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது வேறொருவர் வசமாகிவிடும்.

இக்கவசம் அணிந்து அச்சகம் புகுந்தவர்களை, ஆல்பங்கள் அடுக்கிய மேசைக்குப் பின்னிருந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிய உரிமையாளர் புன்னகை என்னும் முதற்கணையால் எதிர்கொண்டார். சாதாக் கார்டு போதும் என்று வீரன் முழங்கியதும், அதைச் செத்த கொசுவைத் தூக்குவதுபோல் இரு விரலால் தூக்கி ஓரமாய் வைத்தார். பின்பு எழுந்தது பெரும்படை. பொன்முலாம் பூசியது, பட்டுக்கயிறு கட்டியது, கதவுபோல் இருபுறமும் திறப்பது, திறந்தால் பாடுவது என அட்டைகள் அணியணியாய்ப் பாய, வீரன் 'வேணாம்' என்னும் ஒற்றை வாளால் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தான். பாடும் அட்டை மட்டும் பேட்டரி தீர்ந்து தானாகவே மாண்டது.

இறுதியில் இழுப்பறையிலிருந்து வெளிப்பட்டது கருநீல வெல்வெட் அட்டை. திறந்தால் உள்ளே கடுகளவு விளக்கொன்று எரியும். இருநூறு அட்டைக்கு விலை, வீட்டு முன்பணத்தில் பாதி. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முதலில் கைதூக்கிய கயல்விழியாள், அதே கையின் விரலால் அந்த வெல்வெட்டைத் தடவினாள், மறுபடியும் தடவினாள். படை கண்டு அஞ்சாத வீரன் அவ்விரல் கண்டு உருகினான். இதுகூட வாங்கித்தர முடியாதவன் என்ன புருஷன் என்று சொந்த நெஞ்சே கட்சி மாற, அவன் கை சட்டைப்பையை நோக்கி எழுந்தது.

சமயம் பார்த்து உரிமையாளர் பிரம்மாஸ்திரத்தை ஏவினார்: "கல்யாணம் ஒரு தடவைதானே தம்பி."

உள்ளறையில் அச்சு இயந்திரம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் அட்டையை மூடினாள், விளக்கு அணைந்தது.

"வாடகை மாசாமாசம் வரும்ணே," என்றாள். "சாதாக் கார்டே போடுங்க."

வீரனின் கை, பழுது நீங்கிய லிஃப்டைப்போல் மெல்லத் தரையிறங்கியது. ரசீது பெற்று வெற்றிவாகை சூடிய இருவரும், திங்களன்று முன்பணம் செலுத்தி, கோட்டை பிடித்த மன்னர்போல் அந்த ஜன்னலருகே நின்றனர். விண்ணோர் பூமாரி பொழிந்திருப்பர், மேல்வீட்டார் காயப்போட்ட போர்வை மறைத்ததால் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் வந்தார்கள், பாதிக் கார்டு மிச்சம்.