மார்க்கண்டரின் சோலருக்கு வெல்வெட் உறை

இணுவிலில் சூரியன் காலை ஆறேகாலுக்கு உதிக்கிறது. அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று இதுவரை எந்த அரசாங்கக் கந்தோரும் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய கவலையீனம் என்பது மார்க்கண்டரின் வெங்காயத் தோட்டத்தில்தான் தெரியவந்தது.

மார்க்கண்டர் கிணற்றடியில் நாலு சோலர்த் தகடு பூட்டி, அதில் மோட்டர் ஓட்டி இறைப்பவர். பழைய மண்ணெண்ணெய் மெசினை மருமகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம். மூன்று மணிக்கு வெயில் சாய, மோட்டர் இருமத் தொடங்கும். கடைசிப் பாத்திகள் காயும். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து வந்த மச்சான் அருட்செல்வன், கண்ணாடி போன்ற படலம் ஒன்றைத் தகடுகளில் ஒட்டிவிட்டார்.

"அத்தான், சோலருக்குச் செமிக்காத ஊதாக்கதிரை உது விழுங்கி, செமிக்கிற சிவப்பு வெளிச்சமாக் கக்கும். மாடு வைக்கலைத் திண்டு பால் தாற மாதிரி."

"அப்ப சாணி?"

"அதைக் கந்தோர்க்காரர் பாத்துக்கொள்ளுவினம்."

அன்று முதல் தகட்டின் ஓரமெல்லாம் செவ்விளநீர் நிறத்தில் மினுங்கியது. மோட்டர் நாலரை வரை ஓடியது. கடைசிப் பாத்தி குளிர, அடுத்த வளவு அருளம்பலத்தின் நெஞ்சு காய்ந்தது. அவரிடமும் சோலர் உண்டு, மினுக்கம் இல்லை. பெயர் போடாத முறைப்பாட்டுப் பெட்டிசம் ஒன்று கந்தோருக்குப் புறப்பட்டது.

வெளிச்ச ஒழுங்குபடுத்தல் கந்தோரிலிருந்து ஜெயதீபன் என்ற உத்தியோகத்தர் வந்து தகட்டைச் சுற்றி நடந்தார்.

"ஐயா, உது என்ன?"

"சோலர், தம்பி."

"சோலரெண்டால் வெளிச்சத்தைக் குடிக்கவேணும். உது வெளிச்சம் விடுது. வெளிச்சம் விடுகிற சாதனம் விளக்கு. பிரிவு ஏழு."

"விளக்கெண்டால் இரவிலை எரியோணுமே. உது பொழுதுபட அணைஞ்சுபோம்."

ஜெயதீபன் குறித்துக்கொண்டார்: 'பகலில் வீணாக எரிந்து, தேவையான வேளையில் அணையும் விளக்கு.' பிறகு நிமிர்ந்து, "இது இன்னும் பாரதூரம் ஐயா. சுவிச் எங்கை?" என்றார்.

"மேலை. சூரியன்தான் சுவிச்."

"உங்கடை பேரிலை பதிஞ்சிருக்கோ?"

மூன்றாம் நாள் கட்டளை வந்தது. 'மேற்படி விளக்கானது பகற்பொழுதில் தங்களால் அணைத்து வைக்கப்படுதல் வேண்டுமென இத்தால் அறியத்தரப்படுகின்றது.'

"அப்ப என்ரை வெங்காயத்துக்குத் தண்ணி?" என்று மார்க்கண்டர் கந்தோருக்கே போய்க் கேட்டார்.

"வெங்காயம் வேறை திணைக்களம், ஐயா."

ஒட்டிய படலம் உரிபடவில்லை; அணைக்க வேறு வழியில்லாமல் தகடுகளைச் சாக்குப் போட்டு மூடினார். மோட்டர் படுத்துவிட்டது. இரண்டு வாளியும் அறுபது வயது முதுகுமாக அவர் இறைத்ததில் இரண்டு பாத்திதான் பச்சை பிடித்தது. மற்றதெல்லாம் தாள் பழுத்துச் சாய்ந்தது.

மனைவி பரிமளகாந்திக்கு வேறு கவலை.

"றோட்டாலை போற சனம் சாக்கைப் பாத்துச் சிரிக்குது. கனடாவுக்குத் திரும்பிப் போன தம்பியிட்டைச் சொல்லிப்போட்டன். அனுப்புறானாம்."

அடுத்த கிழமை கனடாவிலிருந்து மெரூன் நிற வெல்வெட் உறை வந்து இறங்கியது. ஓரத்தில் பொன் குஞ்சம்.

அங்கேதான் ஊர் விழுந்தது. உறை இருந்தால் உள்ளே கனடாப் படலம் இருக்கிறது என்று அர்த்தம். படலம் இல்லாத அருளம்பலம் முதல் ஆளாக நீலப் பட்டில் உறை தைத்தார். ஒரு மாதத்தில் ஒழுங்கையின் இருபக்க வீடுகளிலும் சோலர் உடுத்துக்கொண்டது. உச்சி வெயிலில் மின்விசிறி நின்ற வீடுகளில் சனம் விசிறி மட்டையால் வீசிக்கொண்டு ஒருவர் உறையை மற்றவர் மெச்சினார்கள். கலியாணம் பேசப் போனவர்கள், "பொடியன் வீட்டுச் சோலர் மூடினதோ, திறந்ததோ?" என்று விசாரித்தார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் மத்தியானம் ஜெயதீபன் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஐயா, மேலிடம் ஆராய்ஞ்சு சொல்லிப்போட்டுது. உது விளக்கில்லையாம். சோலர்தானாம்."

மார்க்கண்டர் மிச்சமிருந்த இரண்டு பாத்தியைப் பார்த்தார். இன்னும் பத்து நாள் தண்ணீர் கண்டால் கிழங்கு தேறும். நேரே போய் உறையின் குஞ்சத்தில் கை வைத்தார்.

"பொறுங்கோ ஐயா. கட்டளையை எடுக்கப் போறமெண்டு தெரிஞ்ச உடனை ஊரிலையிருந்து ஒரு பெட்டிசம் வந்திட்டுது. திறந்த சோலர் ஒழுங்கையின்ரை மானத்துக்குப் பங்கமாம். நாப்பத்திமூண்டு கையெழுத்து. விசாரணை முடியுமட்டும் மூடியே இருக்கட்டும்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"மூண்டு மாதம். அவசரமெண்டால் ஆறு."

மார்க்கண்டர் பெட்டிசத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அருளம்பலத்தின் கையெழுத்து இரண்டாவதாக இருந்தது. முதலாவது, முப்பத்திரண்டு வருசமாக அவர் சந்தைச் சாமான் சிட்டையில் பார்த்துப் பழகிய, வடிவான உருண்டைக் கையெழுத்து.

குசினிக்குள்ளிருந்து பரிமளகாந்தியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, சந்தைப் பக்கம் போனால் இந்தியா வெங்காயம் அரைக் கிலோ வாங்கியாங்கோ."