தவறுகளை ஒப்புக்கொள்ள அனுமதி

மூன்றாவது கேள்வியில்தான் அனந்தகிருஷ்ணன் மாட்டிக்கொண்டார்.

முதல் கேள்வி பெயர், பதவி. இரண்டாவது, வகுப்பில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது. பிரசண்டேஷன் தயாரிப்பது, வெப்சைட் வடிவமைப்பது என்று எழுதியாயிற்று. மூன்றாவது இப்படி இருந்தது: 'வகுப்பில் நீங்கள் செய்த தவறுகள் என்ன? அவற்றிலிருந்து உணர்ந்தது என்ன? சொந்த வார்த்தைகளில், அறுநூறு வார்த்தைக்குக் குறையாமல் எழுதிக் கையெழுத்திடவும்.'

அனந்தகிருஷ்ணன் டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அதில் தவறுகள் நிறையவே செய்திருக்கிறார். ஆனால் செய்ததாக ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக் கொடுத்ததில்லை. கையெழுத்து வேறு போட வேண்டுமாம்.

வகுப்பு நடத்திய ஜ்யோத்ஸ்னாவுக்குப் போன் போட்டார். லோதி ரோடில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் அவள் ஆசிரியை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வயது இருபத்தாறு. அவளிடம்தான் அவர் போன வாரம் ஐந்து நாள் மாணவராக உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அந்த மூணாவது கேள்வியை விட்டுடலாமோ?"

"நஹீ நஹீ சார்! அதுதான் ரிஃப்ளெக்ஷன். அதுக்குத்தான் மார்க்கே."

"நான் தப்பே பண்ணலைன்னு எழுதிட்டா?"

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"சார், ஒரே ஸ்லைடுல அறுபத்திரண்டு லைன் போட்டது யாரு? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க சார். அதுக்கப்புறம் சிஸ்டம் பந்த்."

அந்த அஞ்சு மணிதான் சிக்கல். அண்டர் செக்ரட்டரி பதவி உயர்வுப் பட்டியல் அன்றைக்கே முடிகிறது. இந்த வகுப்பின் சான்றிதழ் இருந்தால்தான் அதில் பெயர் ஏறும். அடுத்த பட்டியல் வருவதற்குள் அவர் ஓய்வு பெற்று, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸையும் காலி செய்திருப்பார்.

வீட்டில் மனைவி பட்டுவிடம் சொன்னார்.

"தப்பு எழுதணுமா? பேனாவை எடுங்கோ, நான் சொல்றேன்" என்றாள் பட்டு. "நம்ம கல்யாணம் ஆன தொண்ணூத்தி மூணுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

"கிளாஸ்ல பண்ணின தப்புதான் வேணும்."

"அதுக்கு எதுக்கு அறுநூறு வார்த்தை?" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போகும் வழியில் அவருக்கு யோசனை பிறந்தது. பிறந்த விதத்தை நினைத்து அவரே பெருமைப்பட்டார். அரசு ஊழியன் வேறு வேலை பார்ப்பதென்றால் அனுமதி வாங்குகிறான், வெளிநாடு போவதென்றால் அனுமதி வாங்குகிறான். தவறை ஒப்புக்கொள்வதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டால்? நாளைக்கு விஜிலென்ஸ்காரன் வந்து அந்தப் படிவத்தை நீட்டினால், 'மேலிடத்து அனுமதியோடுதான் தவறினேன்' என்று இவர் திருப்பி நீட்டலாம்.

உடனே கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறந்தார். 'வகுப்பின்போது சில தவறுகள் நேர்ந்திருக்கக்கூடும். அவற்றை ஒப்புக்கொள்ள அனுமதி கோரிச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று ஆரம்பித்து ஏழு வரியில் குறிப்பு எழுதினார். பயிற்சி நிலையத்தின் படிவத்தையும் இணைத்து டெபுடி செக்ரட்டரிக்கு அனுப்பினார்.

டெபுடி செக்ரட்டரி ஷங்கருக்கு நாற்பத்தொரு வயது. திருநெல்வேலிக்காரர். தமிழ் பேசுகிறவர் என்பதால் சலுகை ஏதாவது கிடைக்கும் என்று நம்பி அவரிடம் போனவர்கள், இந்தியிலேயே பேசியிருக்கலாம் என்று திரும்பி வந்திருக்கிறார்கள். பதினொரு மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன அனந்தகிருஷ்ணன், தப்பை ஒத்துக்க பெர்மிஷனா?"

"ஆமா சார். பின்னாடி ஏதாவது பிரச்சினை வந்தா..."

"என்ன தப்புன்னே எழுதலையே! தெரியாத தப்புக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? படிவத்துல அறுநூறு வார்த்தைன்னு இருக்கு, நீங்க ஏழு வரி எழுதியிருக்கீங்க. முழுசா எழுதிக் கொண்டாங்க."

அனுமதி கேட்கப் போனவர் வேலையை வாங்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். ஸ்லைடுகளுக்குப் பத்தி எண் போட்டதை எழுதினார். கடைசி ஸ்லைடில் நன்றி என்று போடாமல் 'தங்கள் மேலான ஆணைக்காக' என்று போட்டதை எழுதினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வரும்படி அமைத்ததில், தலைப்பு வந்து சேர்வதற்குள் மணியடித்துவிட்டதையும் எழுதினார்.

வெப்சைட் கதை இன்னும் மோசம். அவரவருக்குப் பிடித்த விஷயத்தில் ஒன்று செய்யச் சொன்னாள் ஜ்யோத்ஸ்னா. இவர் லோதி தோட்டத்தில் காலை நடை போவதைப் பற்றிச் செய்தார். ஆனால் பக்கங்களை ஆபீஸ் பதவி வரிசை மாதிரி அடுக்கிவிட்டார். ஏழாம் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் ஆறாம் பக்கத்தின் வழியாகத்தான் போக முடியும். ஆறுக்கு ஐந்தின் வழியாக. நேரே போக வழியில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஷங்கர் படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பரவாயில்லையே. ஆனா வெறும் ஆபீஸ் நோட் மாதிரில்லா இருக்கு. மனசுல என்ன பட்டுச்சு? அதைத்தானே கேக்காங்க?"

"மனசுல பட்டதையும் கோப்புல எழுதலாமா சார்?"

"எழுதினாத்தான் பெர்மிஷன்."

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனபின் அனந்தகிருஷ்ணன் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எரிச்சலோடுதான் ஆரம்பித்தார். நான்காம் நாள் வகுப்பை நினைத்துக்கொண்டதும் பேனா தானாக ஓடியது.

அன்று ஒருவர் செய்த வெப்சைட்டை இன்னொருவர் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இவருடையதைப் பார்க்க வந்த இளைஞனுக்குத் தோட்டம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் தெரிந்தால் போதும். பதினொரு தடவை தட்டினான். கிடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான். அந்த முகத்தை அனந்தகிருஷ்ணன் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடமாக அவருடைய செக்ஷன் வாசலில், பெஞ்சில், கையில் மஞ்சள் பையோடும் பிளாஸ்டிக் கவரோடும் உட்கார்ந்திருந்த முகம் அது. நாளைக்கு வாங்க, அடுத்த அறைக்குப் போங்க என்று அவர் திருப்பி அனுப்பியவர்களின் முகம்.

'வருகிறவர் அவசரத்தில் இருக்கிறார். அவரைக் காக்க வைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. இது வெப்சைட்டுக்கு மட்டும் பாடமில்லை என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது' என்று எழுதினார். எழுதி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தயிர்சாதத்தில் பாதி அப்படியே இருந்தது.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எழுதியதெல்லாம் யாரோ கேட்டதற்குப் பதில். இதுதான் அவராக எழுதியது. சான்றிதழ் கிடக்கட்டும், இதை யாராவது படித்தால் போதும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் பதவி உயர்வு ஞாபகம் வந்து, அவசரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினார்.

அன்று மாலையே மறுபடி அழைப்பு வந்தது. ஷங்கர் இந்தத் தடவை பிரிண்ட் எடுத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா செக்ஷன் ஆபீசர், முப்பத்து நாலு வருஷம், நம்ம மினிஸ்ட்ரி பேரு, இதெல்லாம் எதுக்கு? நாளைக்கு எவனாவது ஆர்.டி.ஐ.ல கேட்டான்னா நம்ம மானம்லா போகும்? எடுத்துடுங்க."

"அச்சா சார். எடுத்துடறேன்."

"அப்புறம், இது என்ன? 'ஸ்லைடைக் காட்டும்போது டெபுடி செக்ரட்டரி முன்னால் நிற்பதுபோல் கை நடுங்கியது.' நான் என்ன பேயா, பிசாசா?"

"சார், அது வந்து..."

"மினிஸ்டர் முன்னாலன்னு மாத்துங்க."

அடக்கமான மனிதர், தம்மைப் பற்றி எழுத்தில் வேண்டாம் என்கிறார் என்று அனந்தகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் மாற்றி அனுப்பினார். அனுப்பிய பிறகு கோப்பு அவர் கையில் இல்லை.

புதன்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. ஷங்கரின் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூன் வடிவேலைப் பிடித்தார். சேலத்துப் பக்கத்து ஆள். உள்ளே நடப்பது ஒன்று விடாமல் தெரிந்தவன்.

"வடிவேல், என் கோப்பு என்னாச்சுன்னு தெரியுமோ?"

"பிரிண்ட் எடுக்கச் சொன்னாருங்கய்யா. எடுத்துக் குடுத்தேன். அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு காலையில ரொம்ப நேரம் டைப் அடிச்சாரு. கதவைச் சாத்தச் சொல்லிட்டாரு."

"டைப்பா? அவரேவா?"

"அவரேதானுங்க. பி.ஏ.வைக்கூட உள்ள விடல."

அனந்தகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. பி.ஏ.வுக்குக்கூடத் தெரியாமல் அதிகாரி தானே டைப் அடிப்பது ஒன்றே ஒன்றுதான். மெமோ. 'பொதுமக்களை முப்பத்து நான்கு வருடம் காக்க வைத்ததை நீரே ஒப்புக்கொண்டிருப்பதால்' என்று அது ஆரம்பிக்கும் என்பதுவரை அவருக்கு மனசில் வாசகமே வந்துவிட்டது. வருடக் கணக்கை நீக்கியது ஞாபகம் வந்தது. ஆனால் பழைய பிரதி கோப்பிலேயே இருக்கிறதே!

வியாழக்கிழமை கோப்பைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று போனார்.

"சார், அந்த அனுமதி வேண்டாம்னு தோணறது. கோப்பைத் திருப்பி அனுப்பிட்டேள்னா..."

"பரிசீலனையில இருக்குங்க" என்றார் ஷங்கர், தலையைத் தூக்காமல். "மேல வந்த கோப்பைக் கீழ இருந்து இழுக்கிற வழக்கம் இங்க எப்ப வந்துச்சு?"

அன்று வீட்டில் பட்டு இரண்டு தடவை ரசம் விட்டாள். இரண்டையும் அவர் கவனிக்காமலே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஷங்கர் கூப்பிட்டார். அனந்தகிருஷ்ணன் மெமோ வாங்கத் தயாராக, பேனாவோடு போனார்.

"உட்காருங்க" என்றார் ஷங்கர்.

அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"உங்க கோப்புல 'ஆட்சேபணை இல்லை'ன்னு போட்டுட்டேன். பிரமாதமா எழுதியிருக்கீங்க. எனக்கே மனசைத் தொட்டுச்சு. டீ சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம் சார், நேரமாயிடுத்து" என்று சொல்லிக்கொண்டே அனந்தகிருஷ்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். மெமோ இல்லை, விஜிலென்ஸ் இல்லை, பாராட்டு வேறு! இந்த மனிதரையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று உண்மையிலேயே உருகினார்.

வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ கம்ப்யூட்டரிலேயே படிவத்தை அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்பினதற்கு யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்குவதுதான் முறை. ஆட்டோவைப் பிடித்து, "பையா, லோதி ரோடு, ஜல்தி!" என்றார். ஜல்தி என்ற வார்த்தைக்கு டெல்லி டிராபிக் ஒருபோதும் மரியாதை கொடுத்ததில்லை. போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பது.

ஜ்யோத்ஸ்னா பென்டிரைவை வாங்கி, அவர் எழுதியதை ஏற்றினாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஏற்பு ரசீதுக்காகத் தாமே தயாரித்து வந்திருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். திரையில் வட்டம் சுற்றியது. பிறகு சிவப்பாக ஏதோ வந்தது.

"அரே! சார், என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன, எழுத்துப் பெரிசா இருக்கா?"

"இது காப்பின்னு காட்டுது சார். தொண்ணூத்தி எட்டு பர்சன்ட். புதன்கிழமை எங்க ஆன்லைன் பேட்ச்ல ஒருத்தர் குடுத்ததோட அப்படியே ஒத்துப்போகுது. காப்பி அடிச்சா ஜீரோ சார். சர்டிஃபிகேட் கிடையாது."

"காப்பியா! நானா?" அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "நான் கண் கலங்கி எழுதினதும்மா இது. மூணு தடவை எழுதியிருக்கேன்."

"எப்ப சார் முடிச்சீங்க? புரூஃப் இருக்கா?"

இருந்தது. பெருமையோடு அனுமதி உத்தரவின் பிரிண்டை எடுத்து நீட்டினார். ஜ்யோத்ஸ்னா படித்தாள். தவறுகளை ஒப்புக்கொள்ள ஆட்சேபணை இல்லை, தேதி இன்றைய வெள்ளிக்கிழமை.

"இது இன்னிக்கு டேட் சார். அந்த ஆன்லைன்காரர் குடுத்தது புதன்கிழமை காலை பதினொண்ணு பத்துக்கு."

மணி நாலு ஐம்பது. அனந்தகிருஷ்ணன் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மேஜையைத் தட்டிப் பேசினார்.

"அவன் யாருன்னு சொல்லு. நானே பேசறேன். நான் எழுதினதை இந்த உலகத்துல இன்னி வரைக்கும் ஒரே ஒருத்தர்தான் படிச்சிருக்கார். அவர் என் மேலதிகாரி, தங்கமான மனுஷர். அவரையே சாட்சிக்குக் கூப்பிடறேன்!"

ஜ்யோத்ஸ்னா பட்டியலை எடுத்து விரலால் தேடினாள்.

"உங்க மினிஸ்ட்ரிதான் சார். பேர் ஷங்கர், டெபுடி செக்ரட்டரி. நாப்பது பேர்ல ஃபுல் மார்க் வாங்கினது அவர் ஒருத்தர்தான்."