சனிக்கிழமை வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சந்தனசாமி தன்னைப் பற்றிய செய்தியைத் தன் போனில் கேட்டார்.

பேசியது பிளெஸ்ஸி. அவரும் செம்மலும் வாரம் ஒருமுறை பேசிப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பும் ‘வாரப் பேச்சு’ இலுப்பூர் வட்டாரத்தில் பாதி வீடுகளில் ஓடும். முதலில் நாட்டு நடப்பு. அடுத்து பண்பாடு. இரண்டையும் செம்மல் பேசுவார். கடைசிப் பத்து நிமிடம் வீட்டு நடப்பு. அது பிளெஸ்ஸியுடையது. நேயர்கள் அனுப்பும் குரல் செய்திகளை வைத்துக்கொண்டு, பேரும் ஊரும் சொல்லாமல் பேசுவார்.

“சர்க்கரை உள்ள ஒரு பெரியவர்,” என்றார் பிளெஸ்ஸி. “வீட்டுல வெந்தயத் தண்ணி குடிக்கிறாரு. தொழில் பண்ற எடத்துல ரவை டின்னுக்குள்ள மைசூர்பாகு வச்சிருக்காரு. மேல ரவை, கீழ பாகு. யாரு தோண்டிப் பாக்கப்போறா?”

சந்தனசாமிக்குச் சர்க்கரை இருந்தது. மாவு மில் இருந்தது. மில்லில் ரவை டின் இருந்தது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சூசைமேரி டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு பெத்த புள்ளையோ,” என்றாள்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

மில்லும் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு. முப்பத்திரண்டு வருடமாக அரவை ஓடுகிறது. அந்த வீட்டில் யாரும் மெல்லப் பேசிப் பழகவில்லை. பக்கத்து வீட்டுப் பீட்டர் வாரப் பேச்சைத் தன் போனில் இறக்குவதில்லை. சந்தனசாமி போட்டாலே போதும் என்பார். அது கஞ்சத்தனம் என்று சந்தனசாமி நினைத்திருந்தார்.

மில்லில் வேலைக்கு ஆள் கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்குச் சூசைமேரி சாப்பாடு கொண்டுவருவாள். அவர் கைகழுவப் போகும் நேரத்தில் அவள் டின்னைத் தோண்டியிருக்க வேண்டும். வேறு வழியில்லை.

திங்கட்கிழமை பாகை எடுத்துப் பழைய மிளகாய்த்தூள் டின்னில் வைத்தார். அன்று தின்ற பாகு காரமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சூசைமேரி என்னவென்று கேட்டாள். அவள் கேட்டதையும் அவர் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு பொறி வைத்தார். சாப்பாடு கொண்டுவந்தவளிடம், மில்லை மீமிசல்காரர் ஒருவருக்கு விற்கப்போவதாகச் சொன்னார்.

சூசைமேரி கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒனக்கு மட்டுந்தான் தெரியும்,” என்றார் அவர். “வெளிய தெரிஞ்சா நீ சொன்னதுதான்.”

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மில்லை நிறுத்திக் குளித்து, ஐந்தரைக்குக் கோவிலுக்குப் போனார். வாராவாரம் பாவசங்கீர்த்தனம் செய்வது, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, அவர் வழக்கம். கல்யாணமானதிலிருந்து தவறியதில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் போகிற சூசைமேரி, அப்படி வாரம் முழுக்க என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பாள்.

கொஞ்ச நாளாக வரிசை நீண்டிருந்தது. முன்பெல்லாம் நாலு பேர் நிற்பார்கள். அன்று முப்பது பேர். அவரைக் கண்டதும் விலகி முதலில் போகச் சொன்னார்கள். தொழில் செய்கிறவனுக்கு ஊரில் மரியாதை கூடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

மரக்கூண்டுக்குள் மண்டியிட்டு, அந்த வாரத்துப் பாவங்களைச் சொன்னார். சல்லடைத் தடுப்புக்கு அந்தப்புறம் சாமியார் வழக்கம்போல ஏதோ முணுமுணுத்தார். சந்தனசாமிக்கு அது என்றைக்கும் விளங்கியதில்லை. ஆசீர்வாதம்தானே என்று தலையைக் குனிந்தார்.

மறுநாள் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்ததைப் பற்றிச் செம்மல் விரிவாகப் பேசினார். தேர்த் திருவிழாவில் டி.ஜே. தேவையா என்று கேட்டார். சந்தனசாமி பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். சூசைமேரி வெங்காயம் உரித்தாள்.

பிளெஸ்ஸி வந்தார். மில் விற்பனை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“மிளகாய் அரைச்ச கையோட ஒரு டீச்சர் வீட்டுக் கோதுமைய அரைச்சுக் குடுத்திருக்காரு ஒருத்தரு. சப்பாத்தி காரமா இருக்குன்னு டீச்சர் வந்து கேட்டா, கோதுமையே அப்புடித்தான்னு சொல்லிட்டாராம்.”

சூசைமேரி வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சந்தனசாமிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பொய்யை அமுக்கிக்கொண்டு உண்மையை அனுப்புகிறாள். பொறியைக் கண்டுபிடித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் இவ்வளவு புத்தியை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

டீச்சர் வேறு மில்லுக்கு மாறினார்.

திங்கட்கிழமை காலை குன்றாண்டார்கோவிலிலிருந்து சூசைமேரியின் தம்பி ஜெரோம் வந்தான். கூட இரண்டு பேர். ஒருவர் கையில் அளக்கும் டேப் இருந்தது.

“மீமிசல்காரனுக்குக் குடுக்குறதுக்கு நம்ம ஆளுகளுக்குக் குடுங்க மச்சான்,” என்றான்.

டேப் வைத்திருந்தவர் அரவை இயந்திரத்தைச் சுற்றி வந்து அளந்தார். மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டார்.

சந்தனசாமி மனைவியைப் பார்த்தார். “யார்ட்டயும் சொல்லாதன்னேன்ல?”

“கூடப் பொறந்தவன்ட்டகூடச் சொல்லக்கூடாதா? மில்லு போனா நாம எங்கிட்டுப் போறது?”

“மில்லெல்லாம் விக்கல. சும்மா சொன்னேன்.”

“என்னத்த சும்மா?”

“ஒன்னச் சோதிக்க.”

டேப் சத்தத்துடன் சுருண்டு உள்ளே போனது. ஜெரோம் மேற்கூரையைப் பார்த்தான். சூசைமேரி வீட்டுக்குள் போனாள். அன்று சாப்பாட்டில் தொடுகறி இல்லை. மறுநாளும் இல்லை.

அவருக்கே உறுத்தியது. சனிக்கிழமை கூண்டுக்குள் அதைத்தான் முதலில் சொன்னார். மனைவியைச் சந்தேகப்பட்டேன் சாமி, தொழிலை விற்பதாகப் பொய் சொல்லிச் சோதித்தேன் சாமி, கேட்டு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள் சாமி, ஆனாலும் அவள்தான் என்று இன்னும் தோன்றுகிறது சாமி. சாமியார் நிறைய முணுமுணுத்தார். சல்லடையைத் தட்டவும் செய்தார். சந்தனசாமிக்கு மனது லேசானது.

ஞாயிற்றுக்கிழமை பிளெஸ்ஸி வருத்தத்தோடு தொடங்கினார்.

“பொண்டாட்டிய வேவு பாக்குறதுக்காக, தொழில விக்கிறேன்னு பொய் சொல்லியிருக்காரு ஒருத்தரு. அந்தம்மா பாவம், மூட்டை மேல உக்காந்துட்டாங்களாம்.”

இந்தமுறை சூசைமேரி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

“நான் அனுப்பல,” என்றாள்.

“பின்ன யாரு?”

“அத நீங்கதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் இங்க இருந்தா, நான் தும்முறதுக்கும் காரணம் தேடுவீங்க.”

அன்று பூசைக்கு அவள் ஒரு பையோடு வந்தாள்.

பிரசங்கத்தில் பங்குச் சாமியார் மகிழ்ச்சியாக இருந்தார். போன மாதம் வரை சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நாலு பேர் வந்த இடத்தில் இப்போது நாற்பது பேர் வருகிறார்கள், இந்தப் பங்கில் தூய ஆவி இறங்கியிருக்கிறார் என்றார். எல்லோரும் சந்தனசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி பையோடு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் கூசினார்.

பூசை முடிந்ததும் சூசைமேரி குன்றாண்டார்கோவில் பஸ் ஏறினாள். அவர் கையை ஆட்டினார். அவள் டிக்கெட் எடுப்பதில் கவனமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தார். மூட்டை விஷயம் அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். கோதுமை விஷயம் அவருக்கும் டீச்சருக்கும். மைசூர்பாகு அவருக்கு மட்டும். மூன்றும் தெரிந்தவர் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான்.

பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனால் எண்ணம் போகவில்லை. சாமியார் கையில் புதுப் போன் இருந்தது. பிரசங்கத்தில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு? பொய்ப் பாவம் ஒன்றைச் சொல்லிச் சோதிக்கலாம். ஆனால் கூண்டில் பொய் சொல்வது பெரும் பாவம். அதை மறுவாரம் அதே ஆளிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது கிலோமீட்டர் வண்டியில் போய் இன்னொரு பங்குக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். அங்கே கூண்டு இல்லை. வராந்தாவில் ஒரு வயதான சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளிப் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

சந்தனசாமி எல்லாவற்றையும் சொன்னார். மனைவி போனதை, சொந்தப் பங்குச் சாமியாரையே சந்தேகப்படுவதை, ஒரு வாரமாகத் தானே ரசம் வைத்து அது குழம்பாகவே வருவதை. மூன்றாவது வாக்கியத்தில் சாமியார் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுக்கிறார். சந்தனசாமிக்குக் கண் கலங்கியது. அந்த நம்பிக்கையில் இன்னும் நாலு பாவங்களைச் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வரும்போது காத்திருந்த ஒரு பெண்மணி அவரிடம், “புளியக் கொறச்சுக் கரைங்க ஐயா,” என்றார். அவருக்குச் சரியாக விளங்கவில்லை. தோத்திரம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் பிளெஸ்ஸி ரசத்தையும் விடவில்லை.

சந்தனசாமி போனை அணைத்தார். ஒரு சாமியார் என்றால் பலவீனம். இரண்டு சாமியார்கள் என்றால் அது ஏற்பாடு. மறைமாவட்டத்து ஆயர் வரைக்கும் போயிருக்கும்.

குன்றாண்டார்கோவிலுக்குப் போன் செய்தார்.

“ஆளக் கண்டுபிடிச்சாச்சா?” என்றாள் சூசைமேரி.

“ரெண்டு பேரு. ரெண்டு பேருமே சாமியாரு.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு பிளெஸ்ஸியின் எண்ணுக்கு அடித்தார். யார் பேசுவது என்று சொல்லாமல், அந்த ரசக்காரர் சங்கதியை அனுப்பியது யார் என்று கேட்டார்.

“பேரு சொல்ல முடியாதுங்க ஐயா,” என்றார் பிளெஸ்ஸி. “சொல்லலாம்னாலும் ஒருத்தரா ரெண்டு பேரா? இந்த வாரம் மட்டும் பத்து பேரு அனுப்பியிருக்காங்க. பத்தும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுபோலவே இருக்கு. நாங்களே விசாரிச்சுத்தான் போடுவோம், இதுல விசாரிக்கிறதுக்கே எதுவும் இல்ல.”

பத்துப் பேர். சந்தனசாமி வாசல் கதவைத் தாழிட்டார். பீட்டர் வந்து தட்டியதற்கும் திறக்கவில்லை.

அந்த வாரம் அவர் மில்லை இரண்டு நாள்தான் ஓட்டினார். மைசூர்பாகை யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியிராததால் டின்னை வெளியிலேயே வைத்தார். தின்னத் தோன்றவில்லை. வெந்தயத் தண்ணீர் போட்டுக் குடித்தார். சூசைமேரி வெந்தயத்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பாள் என்று தெரியவில்லை. போன் செய்து கேட்கலாம் என்று இருமுறை எடுத்தார். ஆள் இன்னும் அகப்படவில்லையே என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஐந்தரைக்குக் கோவிலுக்குப் போனார். பாவசங்கீர்த்தனம் செய்ய அல்ல. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, சாமியாரைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் என்று கவனிப்பதற்கு.

யாரும் வரவில்லை. திறந்த கதவு வழியே கூண்டு தெரிந்தது. சாமியார் தலையை வெளியே நீட்டி வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

எதிரே டீக்கடையில் மட்டும் கூட்டமாக இருந்தது. ஒருவர் சந்தனசாமியைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரைத் தட்டினார். டம்ளர்களை வைத்துவிட்டு எல்லோருமாகச் சாலையைக் கடந்து வந்தார்கள். வந்து, அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

சந்தனசாமி இரண்டு அடி நகர்ந்தார். வரிசையும் இரண்டு அடி நகர்ந்தது.

ஆக, இவ்வளவு பேரும் கூட்டு. வரிசையில் நிற்காதவள் கேட்டருகே மெழுகுதிரி விற்கும் மருதாயி ஒருத்திதான். அவள் கிறிஸ்தவ வேதக்காரிகூட இல்லை. இருபது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள், கோவிலுக்குள் போனதில்லை. இந்த ஊரில் இனி நம்பக்கூடியவள் அவள் மட்டும்தான். அருகில் போய்க் குனிந்தார்.

“மருதாயி, இவங்கள்லாம் ஏன் எம்பின்னாடியே வாராங்க? ஒனக்கு எதும் தெரியுமா?”

மருதாயி காதைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு அவள், பஸ்ஸில் ஏறியவரிடம் சன்னல் வழியாகச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“போன வாரம் நீங்க வராம அம்புட்டுப் பேரும் கலைஞ்சு போயி எனக்கு ஒரு திரிகூட விக்கல மில்லண்ணே, ஒங்க பின்னாடி நின்னாத்தான அவங்களுக்கு நல்லாக் கேக்கும், நீங்க கூண்டுக்குள்ள சொல்றது எனக்கே இங்கிட்டு வாசல் வரைக்கும் கேக்குது — மதினி இன்னுமா வரல?”